பகைவரிடையே நின்ற உடன்படிக்கை: சதுரங்கப்பட்டினம் 1754, இஸ்லாமாபாத் 1988

1. முகவுரை

2025ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் நாடெங்கும் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடத்தப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்கெனக் குறிக்கப்பட்ட இடங்களில் சென்னையும் கல்பாக்கமும் அடங்கியிருந்தன. அன்று பொழுது விடியுமுன்னே இந்தியப் படைகள் பாகிஸ்தான் எல்லைக்குள் இருந்த இலக்குகளைத் தாக்கியிருந்தன. போர் மூண்டுவிட்டதோ என்னும் அச்சம் வடக்கே மட்டுமன்றி நம் பகுதியிலும் பரவியது. திண்டிவனத்திலிருந்து கல்பாக்கம் நேர்கோட்டில் 70 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. மரக்காணம் இன்னும் அண்மையில் உள்ளது. எனவே அந்நாள்களில் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நாம் சந்தித்த சபை மக்கள், "ஐயா, அணுவுலையின்மேல் குண்டு விழுந்தால் நாம் எங்கே போவது?" என்று வினவியது இயல்பே.

அவ்வினாவிற்கு விடையளிக்க முற்பட்டபோதுதான், நம் குருமாரிலும் இறையியல் மாணவரிலும் மிகச் சிலரே ஓர் உடன்படிக்கையைப்பற்றி அறிந்திருந்தனர் என்பது நமக்குப் புலப்பட்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் அணுசக்தி நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று 1988ஆம் ஆண்டிலேயே எழுத்தில் உறுதி செய்துள்ளன. அதனைக் கேட்ட மாணவர் ஒருவர் உடனே மறுவினா எழுப்பினார்: "நம்பத்தகாத பகைவனோடு உடன்படிக்கை செய்வதால் என்ன பயன்?" இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இதற்கு விடை காண வரலாற்றை நாடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதற்கண் நம் கடற்கரையிலேயே நடந்தேறிய ஒரு பழைய நிகழ்ச்சியைக் காண்போம்.

2. சதுரங்கப்பட்டினத்து மாநாடு

கல்பாக்கம் அணுமின் நிலையத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையொன்று சிதைந்த நிலையில் இன்றும் நிற்கிறது. 1754ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஆங்கிலக் கம்பெனியின் தூதரும் பிரெஞ்சுக் கம்பெனியின் தூதரும் சமாதானம் பேசும்பொருட்டு இவ்வூரிலேயே கூடினர். இரு தரப்புக்கும் பொதுவான இடமாக டச்சுக்காரரின் ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அதற்கு முந்தின ஆண்டுகளில் நம் பகுதி பட்ட பாடு சொல்லுந்தரமன்று. 1750இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். 1752இல் செஞ்சியைப் பிடிக்க வந்த ஆங்கிலப் படை, திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையிலுள்ள விக்கிரவாண்டியில் முறியடிக்கப்பட்டது. ஒரு தரப்பு பெற்ற கோட்டையும் பீரங்கியும் மறு தரப்பின் அச்சத்தைப் பெருக்கின. அவ்வச்சமே மேலும் படை திரட்டக் காரணமாயிற்று.

சதுரங்கப்பட்டினத்தில் கூடியவர்களில் இருவர் குருத்துவப் பணியோடு தொடர்புடையவர்கள் என்பது நம் வாசகர்களின் கவனத்திற்குரியது. ஆங்கிலத் தூதருள் ஒருவரான ராபர்ட் பாக், கடலூரையடுத்த புனித தாவீது கோட்டையில் கம்பெனியின் சிற்றாலய குருவாகப் பணிபுரிந்து, பின்னர் ஆட்சிப் பணிக்கு மாறியவர். பிற்காலத்தில் சென்னையின் ஆளுநரானவர். பாக் நீரிணை அவர் பெயரையே தாங்கியுள்ளது. பிரெஞ்சுத் தூதருள் ஒருவரான லவூர், புதுச்சேரியிலிருந்த இயேசு சபையாரின் தலைவர்.

ஆயினும் மாநாடு சில நாள்களுக்குள் முறிந்தது. அதன் காரணம் எண்ணத்தக்கது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியே என்பதை முதலில் ஏற்க வேண்டும் என்றனர் ஆங்கிலேயர். தக்காணத்தின் சுபேதார் சலாபத் ஜங்கே என்பதை முதலில் ஏற்க வேண்டும் என்றனர் பிரெஞ்சுக்காரர். தம் உரிமைக்குச் சான்றாகப் பட்டயங்களையும் காட்டினர். அப்பட்டயங்களில் ஒன்று போலியானது என்று ஆங்கிலேயர் ஐயுற்றனர். பெரிய வினாவிற்குத் தத்தமக்கு உவப்பான விடை கிடைத்தாலன்றிச் சிறிய வினாவைத் தொடுவதில்லை என்று இரு தரப்பாரும் நின்றமையால், இரண்டுமே தீராமற்போயின. பட்டயத்தைப்பற்றிய ஐயம் பேச்சையே முடித்துவைத்தது.

அவ்வாண்டிலேயே டூப்ளே பதவியினின்று நீக்கப்பட, அவருக்குப்பின் வந்த கொதே, சென்னை ஆளுநர் சாண்டர்ஸுடன் ஆண்டிறுதியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆனால் அது ஐரோப்பாவிலிருந்த மேலிடத்தாரின் ஒப்புதலை எதிர்நோக்கிய தற்காலிக ஒப்பந்தமே. அவ்வொப்புதல் வந்து உறுதிப்படுமுன் 1756இல் ஏழாண்டுப் போர் வெடித்தது. 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் நடந்த போரும், அதன்பின் திண்டிவனத்திற்கு அருகேயுள்ள பெருமுக்கல் கோட்டையின் முற்றுகையும் அதன் விளைவுகளே. நவாப் யார் என்று தீர்மானித்தவர்கள் அயலார்; எரிந்த வயல்களோ நம் முன்னோருடையவை.

3. அச்சம் பரவிய வழி

இனி நம் காலத்திற்கு வருவோம். 1964 அக்டோபர் 16ஆம் நாள் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. 1962ஆம் ஆண்டுப் போரின் காயம் ஆறாதிருந்த இந்தியாவிற்கு இது பேரதிர்ச்சியாயிற்று. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, அணு ஆயுதமற்ற நாடுகளுக்கு வல்லரசுகளின் பாதுகாப்புறுதி கிட்டுமா என்று ஆராய்ந்தார், 1967இல் எல். கே. ஜா இதன்பொருட்டே மாஸ்கோவிற்கும் வாஷிங்டனுக்கும் சென்றார். மனநிறைவளிக்கும் உறுதி எதுவும் கிட்டவில்லை. 1968இல் கையொப்பத்திற்கு வைக்கப்பட்ட அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் இந்தியா சேர மறுத்தது. 1974 மே 18ஆம் நாள் பொக்ரானில் இந்தியாவும் அணுவெடிப்பு நிகழ்த்தியது. அமைதி நோக்கிற்கானது என்று நம் அரசு அதனை விளக்கியது.

இங்கே நாம் நேர்மையோடு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். பாகிஸ்தானின் அணுத் திட்டத்தை நாம் பகை நாட்டின் திட்டம் என்கிறோம். ஆனால் பாகிஸ்தானின் பார்வையில் பகை நாடு நாமே. 1971இல் தன் கிழக்குப் பகுதியை இழந்த அந்நாட்டில், 1972 ஜனவரியில் முல்தான் நகரில் அறிவியலாரைக் கூட்டி அணு ஆயுத முயற்சிக்கு வித்திட்டார் புட்டோ. பொக்ரான் அம்முயற்சியை விரைவுபடுத்தியது. சீனாவின் குண்டு இந்தியாவை அச்சுறுத்தியது. இந்தியாவின் வெடிப்பு பாகிஸ்தானை அச்சுறுத்தியது. செஞ்சிக் கோட்டையின் கதை வேறு உருவில் மீண்டும் நடந்தது எனலாம்.

பகை நாட்டின் அணுத் திட்டத்தை எதிர்கொள்ள அக்காலத்து உலகம் மூன்று வழிகளைக் கையாண்டது. முதலாவது, பொருளை மறுத்தல். பொக்ரானுக்குப்பின் கனடா இந்தியாவோடு கொண்டிருந்த அணுசக்தி ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது. அணுப் பொருள் வழங்கும் நாடுகள் ஒன்றுகூடித் தங்களுக்குள் விதிகளை வகுத்தன. பாகிஸ்தானுக்கு மறுசீராக்க ஆலை அளிக்க 1976இல் ஒப்பிய பிரான்சு, அமெரிக்காவின் வற்புறுத்தலால் 1978இல் பின்வாங்கியது. இரண்டாவது, தண்டனை. பாகிஸ்தானுக்கான உதவியை அமெரிக்கா தன் சட்டங்களின்கீழ்ப் பலமுறை நிறுத்தியது. ஆப்கானிஸ்தான் போரில் அந்நாடு தேவைப்பட்டபோது தளர்த்தியது. அப்போர் ஓய்ந்தபின் 1990இல் மீண்டும் நிறுத்தியது. மூன்றாவது, தாக்குதல். 1981 ஜூன் 7ஆம் நாள் இஸ்ரேலிய விமானங்கள் பாக்தாதுக்கு அருகே ஈராக் கட்டிக்கொண்டிருந்த ஒசிராக் அணுவுலையை அழித்தன.

இம்மூன்றாம் வழி நம் நாட்டிலும் சிலரைக் கவர்ந்தது. பாகிஸ்தானின் கஹூட்டா செறிவூட்டு ஆலையை இந்தியா தாக்கக்கூடும் என்ற செய்திகள் 1982 முதல் 1984 வரை அயல்நாட்டு நாளேடுகளில் வெளிவந்தன. ஆனால் கஹூட்டாவுக்கு நேரும் கதி டிராம்பேக்கும் நேரக்கூடும் என்பதை இரு நாட்டாரும் அறிந்திருந்தனர். டிராம்பேயைச் சூழ்ந்து பம்பாய் மக்கள் வாழ்ந்தனர். கல்பாக்கத்தின் முதல் அணுமின் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியபின், இவ்வச்சத்தின் எல்லைக்குள் நம் கடற்கரையும் வந்துசேர்ந்தது.

4. இஸ்லாமாபாத் உடன்படிக்கை

நான்காவது வழியொன்று 1985 டிசம்பர் 17ஆம் நாள் புதுதில்லியில் திறந்தது. பிரதமர் ராஜீவ் காந்தியும் பாகிஸ்தான் அதிபர் ஜியா-உல்-ஹக்கும் சந்தித்து, ஒருவர் மற்றவரின் அணுசக்தி நிலையங்களைத் தாக்குவதில்லை என்று வாய்மொழியாக இசைந்தனர். பகைமை அத்துடன் ஒழிந்துவிடவில்லை. 1987 ஜனவரியில் இந்தியப் படைகளின் பெரும் ஒத்திகையொன்றால் இரு நாடுகளும் போரின் விளிம்பில் நின்றன. அடுத்த மாதம் ஜியா கிரிக்கெட் ஆட்டம் காணும் விருந்தினராக ஜெய்ப்பூருக்கு வந்தார். படைகள் படிப்படியாகப் பின்வாங்கின. அதே ஆண்டு மார்ச்சில், பாகிஸ்தான் குண்டு செய்யும் ஆற்றல் பெற்றுவிட்டது என்ற கருத்துப்பட ஏ. கியூ. கான் அளித்த பேட்டி இலண்டன் செய்தித்தாளொன்றில் வெளிவந்தது. 1988 ஆகஸ்டு 17இல் ஜியா விமான விபத்தில் மாண்டார். டிசம்பர் 2இல் பேநசீர் புட்டோ பிரதமரானார்.

அவ்வாண்டின் இறுதியில் தெற்காசிய நாடுகளின் மாநாட்டிற்கென ராஜீவ் காந்தி இஸ்லாமாபாத் சென்றார். 31-12-1988 அன்று, இரு பிரதமரின் முன்னிலையில், வெளியுறவுச் செயலர்களான கே. பி. எஸ். மேனனும் ஹுமாயூன் கானும் இவ்வுடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். பண்பாட்டுத் தொடர்பு பற்றியும், விமானப் போக்குவரத்து வருமானத்தின் வரி பற்றியும் வேறிரண்டு ஒப்பந்தங்களும் அன்றே நிறைவேறின.

இவ்வுடன்படிக்கை மிகச் சிறியது. மூன்றே பிரிவுகளைக் கொண்டது. எந்த நாடும் மற்ற நாட்டின் அணுசக்தி நிலையத்திற்கு அழிவோ சேதமோ விளைவிக்கும் செயலைச் செய்யலாகாது, தூண்டலாகாது, நேராகவோ மறைமுகமாகவோ அதில் பங்குபெறலாகாது. மின் உலைகள், ஆய்வு உலைகள், எரிபொருள் ஆலைகள், செறிவூட்டு ஆலைகள், மறுசீராக்க ஆலைகள், கதிரியக்கப் பொருள்களைப் பெருமளவில் சேமித்துவைக்கும் இடங்கள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். ஒவ்வோராண்டும் ஜனவரி முதல் நாள், அவை அமைந்துள்ள இடங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒருவருக்கொருவர் அறிவித்தல் வேண்டும். மின் உலை, ஆய்வு உலை, மறுசீராக்க ஆலை எனப் பலவும் உள்ள கல்பாக்கம் இவ்விதியின் பாதுகாப்புக்குள் வருவதே என்பதில் ஐயமில்லை.

சதுரங்கப்பட்டினத்து மாநாட்டோடு இதனை ஒப்பிடுதல் தகும். இஸ்லாமாபாத்தில் காஷ்மீரைப்பற்றிய வினா முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்று எவரும் நிபந்தனை விதிக்கவில்லை. குண்டு செய்வதை நிறுத்து என்றும் கேட்கவில்லை. பகைவனின் உட்கருத்தை நம்புமாறு எவரும் வேண்டப்படவில்லை. இரு தரப்பும் எவ்விதச் சிறுமையுமின்றிக் காக்கக்கூடிய ஒரே ஒரு வாக்குறுதி பிரித்தெடுக்கப்பட்டது. பெரிய வினா எவ்வளவு காலம் தீராதிருப்பினும், அதுவரை மக்கள் அழியாதிருப்பதற்கு இது வழிசெய்தது.

5. சோதனைக் காலங்கள்

கொதே செய்த ஒப்பந்தத்தைப்போலவே இதற்கும் ஒப்புதல் தேவைப்பட்டது. 1990இல் காஷ்மீர் காரணமாகப் போரச்சம் மீண்டும் எழுந்தது. ஆயினும் இவ்வுடன்படிக்கை கைவிடப்படவில்லை. 1991 ஜனவரி 27இல் அது நடைமுறைக்கு வந்தது; 1992 ஜனவரி முதல் நாள் முதற்பட்டியல்கள் கைமாறின.

அம்முதற்பட்டியல்களில் ஒரு நிலையம் விடுபட்டுள்ளது என்று ஒவ்வொரு தரப்பும் மற்றதைப்பற்றி ஐயுற்றதாகச் செய்திகள் வந்தன. 1754இல் பட்டயத்தைப்பற்றிய இத்தகைய ஐயமே மாநாட்டை முறித்தது. 1993இலோ பட்டியல்கள் மீண்டும் கைமாறின. ஐயம் இருந்தது, வழக்கமும் நின்றது.

1998 மே மாதத்தில் இரு நாடுகளும் வெளிப்படையாகவே அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. 1999 பிப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் லாகூர் சென்றார். சில மாதங்களுக்குள் கார்கிலில் போர் மூண்டது. 2000 ஜனவரி முதல் நாள் பட்டியல்கள் கைமாறின. 2001 டிசம்பர் 13இல் நாடாளுமன்றம் தாக்கப்பட்டு, எல்லையில் இலட்சக்கணக்கான படைவீரர் எதிரெதிரே நின்ற வேளையிலும், 2002 ஜனவரி முதல் நாள் பட்டியல்கள் கைமாறின. 2008 நவம்பரில் மும்பையில் நடந்த படுகொலைக்குப்பின் வந்த புத்தாண்டிலும், 2019இல் புல்வாமாவுக்கும் பாலாகோட்டுக்கும்பின் வந்த புத்தாண்டிலும் அவ்வாறே. 2025 மே மாதப் போருக்குப்பின் வந்த 2026 ஜனவரி முதல் நாள் நடந்தது 35ஆம் முறையாகும்.

இதனையொட்டி வேறு சில ஏற்பாடுகளும் தோன்றின. ஏவுகணைச் சோதனையை முன்னறிவிக்கும் ஒப்பந்தம் 2005இலும், அணு ஆயுத விபத்துகளைப்பற்றிய ஒப்பந்தம் 2007இலும் ஏற்பட்டன. 2008ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, ஒருவர் சிறையில் இருக்கும் மற்றவரின் குடிமக்கள், மீனவர் ஆகியோரின் பட்டியல்களும் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி முதல் நாளும் ஜூலை முதல் நாளும் கைமாறுகின்றன.

பிற நாடுகளில் நடந்ததைக் காணும்போதே இதன் அருமை விளங்கும். 2022இல் உக்ரைனின் சபோரிஷியா அணுமின் நிலையம் போர்க்களமாயிற்று. 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்களை இஸ்ரேலும், அதன்பின் அமெரிக்காவும் தாக்கின. அவர்களிடையே இத்தகைய பட்டியல் இருந்ததில்லை.

6. மறுப்புகள்

மாணவரின் வினாவிற்கு மீளுவோம். இவ்வுடன்படிக்கை பாகிஸ்தானின் அணுத் திட்டத்தையும் நிறுத்தவில்லை, நம்முடையதையும் நிறுத்தவில்லை. 1998ஐத் தடுக்கவில்லை. நகரங்களைத் தாக்குவதைப்பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. நிலையங்கள் காக்கப்பட, அவற்றைச் சூழ்ந்த ஊர்கள் அழிவதற்கு இது தடையன்று. பட்டியலைச் சரிபார்க்கும் அதிகாரமும் எவருக்கும் இல்லை. உடன்படிக்கையினால் அன்று, பதிலடி பற்றிய அச்சத்தினாலேயே இரு தரப்பும் அடங்கியிருக்கின்றன என்று வாதிடுவோரும் உண்டு.

இவ்வாதங்களில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வெறும் அச்சம் தவறான செய்தியொன்றால் ஒரே இரவில் வெறியாக மாறக்கூடியது. எழுதப்பட்ட வாக்கோ, அச்சம் கொண்டோர் இருவரும் நிற்பதற்கு ஓரிடம் தருகிறது. 2025 மே மாதத்தில், பாகிஸ்தானின் கிரானா குன்றுகளில் உள்ள அணு நிலையம் தாக்கப்பட்டதாக வதந்தி பரவியபோது, அதனைத் தாம் தாக்கவில்லை என்று இந்திய விமானப்படை அதிகாரி பொதுமக்கள்முன் தெளிவுபடுத்தினார். தாக்கவில்லை என்று சொல்வதைக் கோழைத்தனமாகக் கருதாமல் கடமையாகக் கருதச் செய்ததில், 1988ஆம் ஆண்டின் வாக்குறுதிக்கும் பங்குண்டு என்று நாம் கருதுகிறோம்.

7. முடிவுரை

யாக்கோபும் லாபானும் செய்த உடன்படிக்கையை நாம் அறிவோம் (ஆதியாகமம் 31). இருபது ஆண்டுக் கசப்புக்குப்பின் ஒருவரையொருவர் நம்பாத இரு உறவினர் அவர்கள். கற்குவியலைத் தாண்டித் தீங்கு செய்ய வருவதில்லை என்பதே அவர்கள் செய்த ஆணை. அதற்கு லாபான் ஜெகர்சகதூதா என்று தன் மொழியிலும், யாக்கோபு கலயெத் என்று தன் மொழியிலும் பெயரிட்டனர். மிஸ்பா என்ற பெயரை நாம் பிரியாவிடையின் இனிய ஆசிமொழியாகப் பயன்படுத்திவருகிறோம். ஆனால் அது முதலில் எழுந்தது அவநம்பிக்கையிலிருந்தே. அவர்கள் நண்பராகப் பிரிந்ததாகத் திருமறை கூறவில்லை. இரத்தம் சிந்தாமல் பிரிந்தனர் என்றே அறிகிறோம். இஸ்லாமாபாத் உடன்படிக்கையும் உருதுவிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட ஒரு கற்குவியலே. அதனைச் சமாதானம் என்று மிகைப்படுத்திப் பிரசங்கிப்பது தவறு. பயனற்றது என்று இகழ்வதும் தவறு.

கையொப்பமான நாள் டிசம்பர் 31. பட்டியல் கைமாறும் நாள் ஜனவரி முதல் நாள். அவ்விரவில்தான் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துச் சபைகளெல்லாம் ஆண்டிறுதி ஆராதனைக்குக் கூடுகின்றன. நாம் ஆலயத்திலிருந்து வீடு திரும்பி ஓய்ந்திருக்கும் அப்பகலில், தில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே வேளையில் அலுவலர் இருவர் உறையிட்ட தாள்களைக் கையளிக்கின்றனர். நம் கடற்கரையின் பாதுகாப்பு ஓரளவேனும் அத்தாளைச் சார்ந்துள்ளது. ஆளுவோருக்காக அவ்விரவில் நாம் ஏறெடுக்கும் வேண்டுதலில், இவ்வுடன்படிக்கை இன்னும் ஓராண்டு நிலைக்கவேண்டும் என்னும் ஒரு வரியையும் நம் குருமார் சேர்த்துக்கொள்வார்களாக. கல்பாக்கத்தைக் குறித்து நம் மக்கள் கேட்கும்போது, அஞ்சவேண்டாம் என்று வெறுமனே கூறாமல், பகைவர் இருவர் முப்பத்தைந்து முறை காத்த ஒரு வாக்கின் வரலாற்றை அவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.